சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்த தோழர்: இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனின் வாழ்வும் பணியும்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்த் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எம்.பி.சீனிவாசன் 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். இதைக் கேட்டதும் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் தோழர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். அது நமது பாலக்காட்டுச் சித்தூர் அன்று. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஆந்திரச் சித்தூர். அவர் பெயரின் முதலெழுத்தில் இருப்பதோ மானாமதுரை. மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர். கச்சேரிக் கடத்துக்குப் பெயர்போன மண்ணின் பெயரைத் தாங்கி, ஆந்திரத்தில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, டில்லியில் கட்சிப்பணி செய்து, மலையாளிகளின் நெஞ்சில் இடம்பிடித்து, இலட்சத்தீவில் உயிர்விட்டவர் அவர். கேரளத்தில் அவரை எம்பிஎஸ் என்றால் தெரியாதவர் குறைவு. தமிழ்நாட்டில் அப்பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் வாழும் தோழர்கள் அவரைப் பற்றி அறிய வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மாணவப் பருவத்திலேயே அவர் கம்யூனிஸ்டு இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டார். மாணவர் சம்மேளனத்தில் முன்னணியில் நின்று பணியாற்றினார். அது இரண்டாம் உலகப்போரின் காலம், வங்கப் பஞ்சத்தின் காலம். 1943இல் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, தோன்றியது. பஞ்சத்தில் மடிந்தவர்களுக்காக நிதி திரட்டப் புறப்பட்ட பாடகர்களும் நடிகர்களும் நாடெங்கும் சுற்றினர். பாட்டு என்பது சபாக்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்பது என்றிருந்த நிலை மாறி, தெருமுனையில் நின்று எல்லோரும் சேர்ந்து பாடுவது என்ற புதிய பழக்கம் நகரங்களில் பரவிய ஆண்டுகள் அவை. சீனிவாசன் பின்னாளில் செய்த அனைத்துக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

படிப்புக்குப் பின் அவர் டில்லி சென்றார். அங்கே தோழர் ஏ.கே.கோபாலனின் செயலாளராகச் சில காலம் பணிபுரிந்தார். இடுக்கித் தோழர்களுக்கு ஏ.கே.ஜி.யை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1961இல் அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்டுக் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து தள்ளப்பட்ட குடியேற்ற விவசாயிகளுக்காக அங்கேயே உண்ணாநோன்பு இருந்தவர் அவர். நாடாளுமன்றத்தில் அந்தத் தலைவரின் கடிதங்களையும் கோப்புகளையும் கவனித்த இளைஞர், ஓய்வு நேரத்தில் இந்துஸ்தானி இசையையும் வடநாட்டு நாட்டுப்பாடல்களையும் கேட்டுக் கற்றார். கர்நாடக இசைப் பின்னணியில் வளர்ந்த செவிக்கு அது வேறொரு உலகம்.

டில்லி நாட்களில்தான் ஜாகிதா கிச்லுவை அவர் மணந்தார். ஜாகிதாவின் தந்தை டாக்டர் சைபுதீன் கிச்லு. 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரசில் கிச்லுவும் டாக்டர் சத்யபாலும் கைது செய்யப்பட்டதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பின் தொடர்ச்சியே மூன்று நாட்கள் கழித்து நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை. பின்னாளில் சமாதான இயக்கத்தின் தலைவராக விளங்கிய கிச்லு, 1952இல் ஸ்டாலின் சமாதானப் பரிசைப் பெற்றார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்து இளைஞரும் காஷ்மீர முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணும் மணம் செய்துகொள்வது இன்றைக்கே எளிதன்று. நாடு பிளவுபட்டு இரத்தம் உலராதிருந்த அக்காலத்தில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதைத் தோழர்களே எண்ணிப்பாருங்கள்.

சென்னை திரும்பியபின் அவருடைய பெயர் வெளியே தெரிந்தது 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ திரைப்படத்தால். இயக்கியவர் நிமாய் கோஷ். தேசப்பிரிவினையில் வேரறுந்த அகதிகளைப் பற்றி வங்காளத்தில் ‘சின்னமூல்’ என்ற படத்தை 1950இல் எடுத்தவர். பிறகு சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வாழ்ந்தவர். தொழிலாளர் வாழ்வைத் தமிழ்த்திரையில் நேர்மையாகச் சொல்ல முனைந்த அந்தப் படத்துக்கு ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ்.அருணாசலம் ஆகியோர் பாட்டெழுதினர். பட்டுக்கோட்டையார் படம் வெளிவரும் முன்பே, 1959 அக்டோபரில், 29 வயதில் மறைந்துவிட்டார். பாட்டு வரியின் பேச்சு ஓட்டத்தைக் குலைக்காமல், வாத்தியங்களைக் கொட்டிக் குவிக்காமல், குரலுக்கு இடம்விட்டு அமைந்த அந்த மெட்டுகள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. படத்துக்குத் தேசிய விருதுப் பட்டியலில் இடம் கிடைத்தது. திரையரங்குகளில் அது நிலைக்கவில்லை. தமிழ்த் திரையுலகம் இந்த இசையமைப்பாளரை அடுத்தடுத்து அழைக்கவும் இல்லை. இது தமிழ்த் திரையுலகின் நட்டம் என்று சொல்வது வழக்கம். ஆனால் சந்தையின் கணக்கில் அது நட்டமாகத் தோன்றவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலையாளத்தில் நடந்தது வேறு. 1961 நவம்பர் 14 அன்று சென்னை பரணி ஸ்டூடியோவில், ‘கால்பாடுகள்’ படத்துக்காக, 21 வயது இளைஞர் ஒருவரின் குரலைச் சீனிவாசன் பதிவு செய்தார். பாடப்பட்டது சாதி வேறுபாடும் மதப்பகையும் அற்ற உறைவிடம் பற்றிய ஸ்ரீநாராயண குருவின் செய்யுள். பாடியவர் கே.ஜே.யேசுதாஸ். அவரது முதல் திரைப்பதிவு அதுவே. ஒரு கிறித்தவ இளைஞர் குருவின் சாதி எதிர்ப்புச் செய்யுளை, ஒரு தமிழ்க் கம்யூனிஸ்டின் மெட்டில் பாடித் தம் வாழ்வைத் தொடங்கினார் என்பது கேரளத்தின் அன்றைய மூச்சுக்காற்று எத்தகையது என்பதைக் காட்டுகிறது. பின்னாளில் அதே யேசுதாஸ் நமது பாலக்காட்டுச் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராக அமர்ந்தார்.

அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மலையாளப் படங்களுக்கு அவர் இசையமைத்தார். மாநில அரசின் விருது பலமுறை அவரைத் தேடி வந்தது. கவிஞர் ஓ.என்.வி.குறுப்புடன் அவர் இணைந்து படைத்த ‘உள்கடல்’, ‘சில்லு’, ‘யவனிகா’ பாடல்களை இங்குள்ள மலையாளத் தோழர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘ஒப்போள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் பாலக்காட்டில் பிறந்த கே.எஸ்.சேதுமாதவன்; எழுதியவர் பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூர் எம்.டி.வாசுதேவன் நாயர், இசை சீனிவாசன், ஆந்திரத்தில் பிறந்த எஸ்.ஜானகி பாடி 1980ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருதைப் பெற்றார். மொழிவாரி மாநிலம் என்பது மொழிகளுக்கு இடையே கட்டிய மதிலன்று என்பதை மேடையில் எவ்வளவு விளக்கினாலும் இந்த ஒரு படத்தின் பெயர்ப்பட்டியலைப் போல விளங்காது.

அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’ ஆகியவற்றுக்கும் பின்னணி இசை அவருடையதே. இவற்றில் ‘முகாமுகம்’ பற்றிச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. 1984இல் வந்த அந்தப் படம் ஒரு கம்யூனிஸ்டு தலைவரின் வீழ்ச்சியைச் சித்திரித்ததால் கட்சித் தோழர்கள் பலர் அன்று கோபம் கொண்டனர். அதற்குக் கம்யூனிஸ்டான சீனிவாசன் இசையமைத்தது எப்படி என்ற கேள்வியும் எழும். படத்தோடு உடன்படாமல் இருக்கலாம்; ஆனால் விமர்சனத்தின் குரலைக் கேட்டவுடன் வாத்தியத்தை மூடிவைத்து எழுந்து போகும் கலைஞராக அவர் இருக்கவில்லை. அது அவர் கட்சிப்பற்றின் குறையன்று, பலமே. அவரே ஒரு படத்தில் நடிக்கவும் செய்தார்: ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்கிரகாரத்தில் கழுதை’. 1977இல் வந்த அந்தத் தமிழ்ப்படத்தில், அனாதைக் கழுதைக்குட்டி ஒன்றை வளர்த்து அக்கிரகாரத்தின் வெறுப்பைச் சம்பாதிக்கும் பேராசிரியர் வேடம் அவருக்கு. இசையும் அவரே.

இனி அவரது இரண்டாவது பணிக்கு வருவோம். திரைப்பாட்டைக் கேட்பவர்களுக்குப் பாடகர் பெயர் தெரியும். இசையமைப்பாளர் பெயர் தெரியும். வயலின் வாசித்த முப்பது பேரின் பெயர் தெரியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் காலையில் வந்து அமர்ந்து, தாளில் எழுதிக் கொடுத்ததை வாசித்து, கால்ஷீட் கணக்கில் கூலி பெற்றுச் செல்லும் உழைப்பாளிகள் அவர்கள். பதிவான தட்டு ஆயிரம் முறை விற்றாலும் அவர்களுக்கு மறுபடி ஒரு காசும் இல்லை. முதுமையில் ஓய்வூதியம் இல்லை; விரல் நடுங்கினால் வேலை இல்லை. இசைக் கலைஞன் தொழிலாளியா என்று அன்று பலர் கேட்டனர். கலைஞர்களிலேயே பலர் தம்மைத் தொழிலாளி என்று அழைப்பதை இழிவாகக் கருதினர். திரையிசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியதில் சீனிவாசனின் பங்கு முதன்மையானது. நிமாய் கோஷுடன் சேர்ந்து, பின்னாளில் பெப்சி என்று அறியப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். தாமே இசையமைப்பாளராக, அதாவது அவர்களுக்கு வேலை தருபவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொண்டு, வாசிப்பவர்களின் கூலிக்காகப் பேசினார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இதோடு தொடர்புடைய ஒரு வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் அமைத்த இந்திய நிகழ்த்துரிமைக் கழகம், தங்கள் பாடல்களைப் பொதுவில் ஒலிக்கச் செய்வோர் கட்டணம் தர வேண்டும் என்று கோரியது. படத் தயாரிப்பாளர்களும் திரையரங்கு உரிமையாளர்களும் எதிர்த்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1977 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: தயாரிப்பாளர் கூலி கொடுத்து எழுதச்செய்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். அந்த ஆயத்தில் அமர்ந்திருந்தவர் பாலக்காட்டுக்காரரான நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த அதே கிருஷ்ணய்யர். தீர்ப்போடு உடன்பட்ட அவர், தனியே ஒரு அடிக்குறிப்பு எழுதினார். இயற்றியவனுக்காவது சட்டத்தில் இடம் இருக்கிறது, பாடுபவனுக்கு அதுவும் இல்லை. நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1994 திருத்தத்தில் நிகழ்த்துவோர் உரிமை சட்டத்தில் ஏறியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எவருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாத உரிமைப்பங்கு 2012 திருத்தத்தில்தான் வந்தது. தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 35 ஆண்டுகள். உழைப்பின் விளைவு உழைத்தவனுக்கு உரியதா, கூலி கொடுத்தவனுக்கு உரியதா என்ற கேள்வியைத் தேயிலைத் தோட்டத்துத் தோழர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாட்டுக்கும் அதே கேள்வி உண்டு என்பது மட்டுமே புதிது.

மூன்றாவது பணியே அவருடைய மிகப்பெரிய கொடை: சேர்ந்திசை.

நம் மரபில் கூட்டாகப் பாடுவது இல்லாமல் இல்லை. நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுகிறார்கள். கும்மியும் பஜனையும் அப்படியே. ஆனால் இவற்றில் எல்லோரும் ஒரே மெட்டையே பாடுவர். சீனிவாசன் முயன்றது வேறு. குரல்களை ஆண் மேல்குரல், ஆண் கீழ்க்குரல், பெண் மேல்குரல், பெண் கீழ்க்குரல் எனப் பிரித்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டு வரிகளைப் பாடவைத்து, அவை ஒன்றோடொன்று இணங்கி ஒலிக்கச் செய்வது. மேலைநாட்டுத் தேவாலயங்களில் நூற்றாண்டுகளாக உள்ள முறைதான். அதை அப்படியே இங்கே இறக்கினால் ராகம் சிதையும். நம் செவிக்கு அது அந்நியமாகவே நிற்கும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது வரிகளையும் அந்த ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நின்று கட்டினார். தனிப்பாடகருக்கே உரிய நுணுக்கமான கமகங்களைக் குறைத்து, ஐம்பது பேர் ஒருசேர ஏறி இறங்கக்கூடிய அசைவுகளை வைத்துக்கொண்டார். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தொடங்கிய மெட்ராஸ் யூத் கொயர் என்னும் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவில் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், இல்லத்தரசிகள். பாரதியின் பாடல்களே அவர்களின் முதல் செல்வம்; பிற இந்திய மொழிப் பாடல்களும் சேர்ந்தன. குழுவுக்கு முன்னால் நின்று வெறுங்கையால் அவர் வழிநடத்துவார். தமிழ் மேடைக்கு அது பழக்கமில்லாத காட்சி: நட்சத்திரம் என்று எவரும் இல்லை, நடுவில் ஒருவரும் இல்லை, கைதட்டலை வாங்கிக்கொள்ளத் தனி ஆள் இல்லை.

இதே காலத்தில் இத்தாலியில் லூயிஜி நோனோ என்ற இசையமைப்பாளர் இருந்தார். சீனிவாசனுக்கு ஒரு வயது மூத்தவர். வெனிசில் 1924இல் பிறந்தவர். 1952இல் இத்தாலியக் கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்து பின்னாளில் அதன் மத்தியக் குழு வரை சென்றவர். ஜெனோவா நகரத்து எஃகு ஆலையின் இரைச்சலைப் பதிவுசெய்து, அதன்மேல் பெண்குரலையும் சேர்ந்திசையையும் ஏற்றி 1964இல் ஒரு படைப்பை உருவாக்கினார். அதை ஆலைத் தொழிலாளரிடமே கொண்டுபோய் ஒலிக்கச் செய்து விவாதித்தார். நோனோவின் இசை கேட்பதற்குக் கடினமானது. அதை எவரும் வேலைநிறுத்தப் பந்தலில் பாட முடியாது. தொழிலாளி கேட்க வேண்டிய இசையைப் பற்றி நோனோ சிந்தித்தார். தொழிலாளி பாடக்கூடிய இசையைப் பற்றிச் சீனிவாசன் சிந்தித்தார். இரண்டும் தேவையே என்று வாதிடலாம். நமது தேவை இரண்டாவதிலேயே அதிகம்.

நம் மலைகளுக்குத் திரும்புவோம். 1957 தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற தோழர் ரோசம்மா புன்னூசின் வெற்றி, எதிர்த்தரப்பு வேட்புமனு ஒன்று தவறாகத் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் செல்லாமல் ஆக்கப்பட்டது. 1958இல் இடைத்தேர்தல். மயிரிழையில் பெரும்பான்மை பெற்றிருந்த ஈ.எம்.எஸ். அரசுக்கு ஒவ்வொரு இடமும் உயிர். வாக்காளரில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர். அப்போது தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து மலையேறி வந்தவர் பாவலர் வரதராசன். மக்களுக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டில் புதிய சொற்களைப் பொருத்தி, ஆர்மோனியத்தோடு பாடுவது அவர் முறை. அவருடன் பாடிய தம்பியரில் ஒருவருக்கு அன்று பதினான்கு, பதினைந்து வயது. அவரே பிறகு இளையராஜா ஆனார். ரோசம்மா மறுபடி வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கு இருந்த பங்கை மூத்த தோழர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அதே ஆண்டின் அக்டோபரில், நமது அரசே ஆண்ட காலத்தில், மூணாறு தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரு தொழிலாளர் மாண்டதையும் மூத்த தோழர்கள் மறக்கவில்லை. பாவலர், 1976இல் தம்பியின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளிவருவதைக் காணும் முன்பே மறைந்தார்.

பாவலர் தெரிந்த மெட்டை எடுத்தார். சீனிவாசன் தெரியாத மெட்டைக் கற்றுக்கொடுத்தார். முன்னது ஒரே மாலையில் ஒரு லயத்தையே எழுப்பிவிடும். பின்னதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்; ஆனால் பாடகர் போனபின்னும் பாட்டு அங்கேயே தங்கும்.

2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர் போனசுக்காகச் சாலையில் அமர்ந்தபோது, ஒருத்தி எடுத்துக்கொடுக்க ஆயிரம் பேர் ஏற்று முழங்கினர். முழக்கம் தமிழில் இருந்தது, தாளம் பிசகவில்லை. எவரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நாற்றங்காலிலும் கொழுந்துக் காட்டிலும் தாய்மாரிடம் பெற்ற கலை அது. அந்தக் குரல்கள் எல்லாத் தொழிற்சங்கக் கொடிகளுக்கும், நமது கொடிக்கும், வெளியே நின்று எழுந்தன என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நமது கூட்டங்களில் இப்போது பாட்டுப் பாடப்படுவதில்லை, ஒலிபெருக்கியில் போடப்படுகிறது. கூட்டம் சேரும்வரை பொழுதுபோக்க அது உதவுகிறது. பேச்சாளர் வந்ததும் நிறுத்தப்படுகிறது. அந்தப் பெண்களைப் பாட அழைத்த மேடை எத்தனை என்று கிளைகள் கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

சீனிவாசன் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தார். அதே பணிக்காகவே இலட்சத்தீவுக்கும் சென்றார். அங்கே 1988 மார்ச் 9 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 62. திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் ஒரு சேர்ந்திசைக் குழு அமைந்தது. சென்னைக் குழுவை அவருடைய மாணவர்கள் தொடர்ந்து நடத்தினர்.

இந்த வகுப்பின் மாலை அமர்வில் சேர்ந்து பாடும் பயிற்சி உள்ளது. குரல் நன்றாக இல்லை என்று ஒதுங்கத் தேவையில்லை. பன்னிரண்டு பேர் இருந்தால் போதும். முதலில் எல்லோரும் ஒரே சுரத்தில் நின்று மூச்சை ஒன்றாக விடப் பழக வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாத அளவுக்கு எவர் கத்திப் பாடினாலும் அவர் குரலைத் தணிக்க வேண்டும். பிறகு பாரதியின் பாட்டொன்றை மெதுவாக, தாளம் போடாமல், சொல் சொல்லாகப் பிரித்துக் கற்க வேண்டும். இரண்டாவது குரலை மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம். சித்தூர், கொல்லங்கோடு தோழர்கள் ஒரு வரிசையிலும் தேவிகுளம், பீர்மேடு தோழர்கள் ஒரு வரிசையிலும் நிற்பதாக ஏற்பாடு. ஆர்மோனியம் வந்து சேர்ந்துவிட்டது.